கடைசித் தீக்குச்சியோடு நின்ற கதை

அன்புள்ள உனக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். பகலில் கை ஒழியவில்லை. மகளுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சல். இன்று இரவைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நீலகிரித் தைலத்தைச் சூடாக்கி அவள் மார்பில் தடவினேன். அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய். நீ செத்துப்போன தந்தி வந்தபோது இவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

மதராஸில் படிப்பை முடித்துக்கொண்டு நாம் பினாங்குக்குத் திரும்பிய கப்பலில் யாருக்கோ அம்மை கண்டிருந்தது. ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எல்லோரையும் ஜெரெஜாக் தீவில் இறக்கி அடைத்துவைத்தார்கள். கொட்டகை முழுக்க மருந்து நெடி. நீ கைக்குட்டையில் இந்தத் தைலத்தை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு, அதே கப்பலில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்த பெண்களுக்குச் சாயங்காலந்தோறும் கதை சொன்னாய்.

ஒரு தீவில் ஒற்றை மனிதன். படகு வரும்வரை அவன் குடிசைக்குள் உயிரோடு இருக்கவேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே எதுவோ வந்து கதவை நகத்தால் சுரண்டும். வெளிச்சம் கண்டால் போய்விடும். தீக்குச்சிகளோ தீர்ந்துகொண்டு வருகின்றன.

"அது என்னன்னு எனக்கு மட்டுமாவது சொல்லேன்டீ" என்று கேட்டேன்.

"சொல்லிட்டா பயம் போயிடும். பயம் போயிட்டா நாளைக்கு யாரு கேக்க வருவா?"

காய்ச்சல்கார மகனை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவளை நினைவிருக்கிறதா? "அந்த மனுசன் பொழைப்பானா மாட்டானா, அத மட்டும் சொல்லிட்டுப் போ தாயீ. படிச்ச புள்ளைங்களுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாது" என்று வைதாள்.

"நாளைக்கு உம்மவனையும் கூட்டிட்டு வாக்கா, சொல்றேன்."

மறுநாள் வந்தாள். மகனும் மடியில் இருந்தான். நீ மறுபடியும் நாளைக்கு என்றாய்.

அவன் கடைசித் தீக்குச்சியைக் கையில் எடுத்த இடத்தில் ஒருநாள் நிறுத்தினாய். விடிந்தால் நம்மை ஏற்றிப்போகப் படகு வந்து நிற்கிறது. காய்ச்சல் விட்ட மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் ஓடினாள். கதையை மறந்தே போனாள். நான்தான் கரையில் இறங்கியதும் உன் முந்தானையைப் பிடித்துக் கேட்டேன். "இப்ப என்ன அவசரம், கடுதாசியில எழுதறேன்" என்றாய். கல்யாணமாகி ஈப்போ போனபிறகு நிறைய எழுதினாய். மாமியாரைப் பற்றி, மழையைப் பற்றி. அதை மட்டும் எழுதவில்லை.

இன்று மத்தியானம் மகள் கதை கேட்டாள். வேறு எதுவும் நினைவுக்கு வராமல் உன்னுடையதைச் சொன்னேன். சுரண்டுவது பூனை என்றேன். அவள் நம்பவில்லை.

"அந்த மாமா பொழச்சாராம்மா?"

"நாளைக்குச் சொல்றேன், தூங்கு."

"நீ ஏமாத்துவ."

"இல்லடா. விடிஞ்சதும் சொல்றேன்."

என் வீட்டுக்காரர் தண்ணீர்மலை முருகனுக்கு மஞ்சள் துணியில் ஒரு வெள்ளிக் காசை முடிந்து வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவள் மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'நாளைக்கு' ஒன்றுதான். அதையும் அவளிடம் கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும் கேட்பாள். மறந்துவிட்டு விளையாட ஓடினாலும் சரிதான். ஆனால் கேட்டால் சொல்ல எனக்கு முடிவு தெரியாது. அவன் பிழைத்தானா? சீக்கிரம் பதில் போடு.