அக்கா கேட்கிற தண்ணீர்

தை மாதம், வெள்ளி இரவு. கோட்டைக்குப்பம்.

முந்தாநாள் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு ஊதிச் செத்துவிடுவாளாம். மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அக்காவின் உதடு வெடித்துவிட்டது. பால் சுரக்கவில்லை. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

காலையில் அம்மா ஏரிக்கு இறால் பிடிக்கப் போனாள். நான் ஒல்லாந்துத் துரைமார் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வாய்டி. அம்மாகிட்ட சொல்லமாட்டேன்." பாவாடை நுனியைப் பானையில் நனைத்து அவள் வாயில் வைத்தேன். விடாமல் சப்பினாள்.

சாயங்காலம் அவளுக்கு உடம்பு கொதித்தது. மருத்துவச்சி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "இன்னாடி பண்ணீங்க? எவ தண்ணி குடுத்தது? இவ செத்துப்பூட்டா அவதான் கொன்னவ."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"யாரும் குடுக்கல" என்றாள் அக்கா.

இப்போது அம்மா தூங்குகிறாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என் பெயரை மெல்லச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பானை என் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கொடுத்ததால்தான் காய்ச்சலா? யாரைக் கேட்பது?

விளக்கு எரிவதால் நான் விழித்திருப்பது அவளுக்குத் தெரிகிறது. ஊதி அணைத்துவிடப் போகிறேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.