ஒரு பட்டனுக்கு நாலு வேலை

செமிலிங்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் சத்தியசீலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் சுகம். அங்கே பெர்த்தில் நீயும் மருமகள் லோகேஸ்வரியும் அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ லோகேஸ்வரியிடம் காட்டுவாய், அவள் அலோர் ஸ்டாரில் இருக்கும் அவள் அம்மாவுக்கு அனுப்பிவிடுவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறாள் என்று அப்பா சொன்னது பொய், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் மேல் கோபம் என்று அப்பாவிடம் சொன்னேன், ஆனால் அது கோபம் இல்லை, பொறாமை. உன் மாமியார் உமாராணி மேல் பொறாமை.

செப்டம்பரில் நீ லீவில் வந்தபோது வாங்கிப் பொருத்திக் கொடுத்த ஹோம் தியேட்டரில் தொடங்கியது இது. அப்பா தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பத்தொரு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவர், இடது காது போய்விட்டது, வலது காதில் பாதிதான் மிச்சம் என்று உனக்குத் தெரியும். படத்தில் பாட்டு வந்தால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும், பேச்சு வந்தால் அவருக்கு ஒன்றும் கேட்காது. நான் சிரித்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பார். பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சரியாகிவிடும் என்று நீ சொன்னாய். டிவிக்கு ஒரு ரிமோட், சேனல் வருகிற ஆஸ்ட்ரோ பெட்டிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று என்று மேசையில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து நான் மலைத்துப்போனேன், நீ புதிதாக ஒரே ரிமோட்டை வாங்கி வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக அதன் மூக்குக்கு எதிரே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாய். ஒரே பட்டனை அழுத்தினால் எல்லா மெஷினும் வரிசையாக வரும், அதற்கு மேக்ரோ என்று பேர் சொன்னாய். டிவி கண் விழிக்க ஆறு வினாடி ஆகும், அதற்குள் அடுத்த உத்தரவை அனுப்பினால் வாங்கிக்கொள்ளாது, அதனால் இடைவெளி விட்டிருக்கிறேன், சின்ன விளக்கு நாலு தடவை மினுக்கும் வரைக்கும் கையை இறக்காமல் நீட்டிப் பிடியுங்கம்மா என்று சொன்னாய். இவ்வளவும் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டாய். ஒரு தடவை போட்டுக் காட்டட்டுமா என்று நீ கேட்டதற்கு, புது மெஷினை ஆயுத பூஜைக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது என்று நான்தான் தடுத்தேன். அதற்கு அப்புறம் அலோர் ஸ்டார் போய் உன் மாமியார் வீட்டிலும் இதே வேலையாக இரண்டு நாள் உட்கார்ந்தாய். பெற்றவளுக்கு ஒரு சாயங்காலம், மாமியாருக்கு இரண்டு நாள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனாலும் நீ ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் சொல்ல மனசு வரவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு அப்பாவின் ஸ்பேனர், என் தையல் மெஷின், கார், இந்தப் புதுச் சாமான் எல்லாவற்றுக்கும் நானே பார்த்துப் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். தேங்காய் உடைத்துவிட்டு, அம்மா தாயே என்று கும்பிட்டுப் பட்டனை அழுத்தினேன். டிவி வந்தது, ஆஸ்ட்ரோ வந்தது, படமும் வந்தது. சத்தம் மட்டும் இல்லை. ஊமைப் படம் போல வாயை வாயை அசைக்கிறார்கள். மறுபடி அழுத்தினால் டிவி அணைந்துபோனது. பட்டன் ஒன்றுதான், போடுவதற்கும் அணைப்பதற்கும் அதேதான் என்பதால் ஒன்று முழித்தால் இன்னொன்று தூங்குகிறது. ரிமோட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆறு வினாடியைப் பத்தாக்கிப் பார்த்தேன், அதற்கும் மசியவில்லை, திரும்ப ஆறாகவே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து சத்தத்துக்கு மட்டும் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரைக் கையால்தான் போட்டோம். மூன்று மெஷினுக்கு எதற்கு நாலு மினுக்கல் என்றும் எனக்குப் புரியவில்லை, அவசரத்தில் பிள்ளை எதையோ தப்பாகப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். அப்பா உன்னிடம் கேட்கலாம் என்றார், அவன் மாமியார் வீட்டில் செய்தது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்றேன்.

பார்த்தேன். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். உன் மாமியார் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு விரலை அசைத்தார். டிவி, ஆஸ்ட்ரோ, சத்தம் எல்லாம் வரிசையாக வந்தது, கடைசியில் கூரை விளக்குகூடத் தானாகக் குறைந்தது. வந்திருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளை ரெண்டு நாளா சாப்பாடு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்சு கொடுத்தாருக்கா, நான் பட்டனை அமுக்குனா போதும் லா, எல்லாம் அதுவே பாத்துக்கும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உங்க வீட்லயும் இப்படித்தானே என்றும் கேட்டார். ஆமாம், இதைவிட நன்றாக இருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன். எடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன். என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்த வீட்டில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது. திரும்பி வரும்போது காரில் அப்பா ஏதோ கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, தன் காதில்தான் பதில் விழவில்லை போல என்று அவரே நினைத்துக்கொண்டார் பாவம். அந்த வாரத்தில் உன் மாமியார் போன் செய்து, வளைகாப்பை டிசம்பர் கடைசியில் வைத்திருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள், முதல் வளையல் நீங்கதான் போடணும் அக்கா என்று கூப்பிட்டார். எனக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். சத்தியசீலா, முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளையை அந்த வீட்டுப் பிள்ளையாகப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அதுதான் விஷயம்.

போன வாரம் கார்த்திகை தீபத்துக்கு வீட்டைக் கழுவித் துடைத்தேன். ஹாலில் சாமான்களையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். சாயங்காலம் அப்பா செய்தி பார்க்க வழக்கம்போலப் பட்டனை அழுத்தினார், சத்தமும் தானாக வந்துவிட்டது. நான் அகல் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தேன். ஆம்ப்ளிஃபயர் முகத்தில் பட்டன் இல்லாத இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, பார்க்க நெற்றி போல இருந்ததால் அங்கேதான் பெரிய பொட்டாக வைத்திருந்தேன். அதுதான் ரிமோட்டின் உத்தரவை வாங்கிக்கொள்கிற கண்ணாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அப்பாவை அழுத்தச் சொன்னேன், சத்தம் வரவில்லை. மறுபடி அணைத்து, விரலை எடுத்துவிட்டு அழுத்தினால் வந்தது. நாலு தடவை அப்படிச் செய்து பார்த்தேன். ரிமோட் நீ சொன்ன பாடத்தை ஒழுங்காகத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் கேட்கிற மெஷினின் கண்ணைச் சந்தனம் பூசி அடைத்து வைத்துவிட்டு, இரண்டு மாதமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் எழுத வந்தது. செய்தி முடிந்து ஒரு நகைச்சுவைப் படம் ஓடியது, அதில் ஒருவன் தன் மாமனாரிடம் மாட்டிக்கொண்டு ஏதோ உளறினான், எனக்கு முன்னாலேயே அப்பா சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன், அவருக்கு அது தெரியாது, கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தார். பாட்டு அடங்கி, பேச்சு மட்டும் தனியாக எடுத்து முன்னால் வைத்தது போலத் தெளிவாக வந்துகொண்டிருந்தது. நீ ரிமோட் பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டுப் போன காகிதத்தை அன்றைக்குத்தான் தேடி எடுத்துப் படித்தேன். ஒன்று டிவி, இரண்டு ஆஸ்ட்ரோ, மூன்று ஆம்ப்ளிஃபயர், நாலு, அப்பா காதுக்காகப் பேச்சுச் சத்தத்தை மட்டும் ஏற்றும் என்று எழுதியிருந்தாய். நாலாவது மினுக்கல் அதுதானா. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டான் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஆனால் உன் அம்மா அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடுவாளா. மறுநாள் காலையிலேயே உன் மாமியாருக்குப் போன் போட்டேன். ஒரு தடவை பட்டனை அழுத்துங்கள், என்னென்ன வருகிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். டிவி, ஆஸ்ட்ரோ, சத்தம், வெளக்கு, அவ்வளவுதான்கா என்றார். அதற்கு மேல் எதுவும் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். ஒண்ணும் இல்லக்கா, ஏன் கேக்கிறீங்க என்றார். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கவில்லை. முழங்கால் வலி நின்றுவிட்டது, வளைகாப்புக்கு முதல் ஆளாக வருகிறேன் என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டேன். போனை வைக்கப் போகும் நேரத்தில் அவர், எங்க வீட்டுக்காரருக்கும் இப்பல்லாம் பேச்சு சரியாக் கேக்க மாட்டேங்குதுக்கா, நான் என்ன சொன்னாலும் ஆ, ஆ-ன்றாரு என்று குரலை இறக்கிச் சொன்னார். தன் மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லையாம், வயிற்றுப் பிள்ளைக்காரி கவலைப்படுவாள் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நாலு நாளாக அது உறுத்துகிறது. கேட்காத காதோடு ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி என்று அந்த அம்மாளைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதனால் டிசம்பரில் வரும்போது உன் மாமனாருக்கும் அந்த நாலாவது வேலையைப் போட்டுக் கொடுத்துவிடு, அவர்கள் வீட்டில் விளக்கோடு சேர்த்து ஐந்தாகட்டும், பரவாயில்லை. லோகேஸ்வரியை அதிக நேரம் நிற்க விடாதே, நீ வேளைக்குச் சாப்பிடு. நீயும் அவளும் என் பேரப்பிள்ளையும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள், ஒரு குறையும் வராது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு கூப்பிடு, நானே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா நவமணி.

மறந்துவிடாதே: மாமனாருக்கு அதைப் போட்டுக் கொடுத்ததும், இதை முதலில் எங்கள் வீட்டில்தான் போட்டேன் என்று உன் மாமியார் காதில் விழும்படி நீயே சொல்ல வேண்டும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.