திங்கட்கிழமைக் கத்தி

அக்டோபர் 12, சனி

நாளை கட்ரின் தன் ஓலேயைச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறாள். வடக்கே கடலோரத்துப் பையன். என் கணவர் லோத்தருக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டால் இருவரும் எங்கள் மாடிக்குக் குடிவரலாம். பிடிக்காவிட்டால் ஹாம்பர்க்கில் குடித்தனம். மகளை நான் பண்டிகைக்குப் பண்டிகைதான் பார்க்க முடியும். அரசியல், மதம், கால்பந்து மூன்றையும் தொட வேண்டாமென்று ஓலேக்குச் சொல்லியனுப்பினேன். எல்லா ஆபத்துக்கும் முன்னேற்பாடு ஆயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆகவில்லை.

உருளைக்கிழங்கு உருண்டையை ஓலே கத்தியால் வெட்டினான்.

ஜெர்மனியின் நடுவில், எங்கள் துரிங்கியாவில் பிறந்தவர்கள் இதை முள்கரண்டியால் பிய்த்துத்தான் சாப்பிடுவார்கள். பிய்ந்த இடத்தில்தான் குழம்பு ஊறும். கத்தி எடுத்தால், சமைத்தவர் கல்லைப் பரிமாறியிருக்கிறார் என்று அர்த்தம். காலையிலிருந்து கிழங்கைத் துருவிப் பிழிந்து உருட்டி வேகவைத்தவர் லோத்தர்.

“கெட்டியா இருக்கோ?” என்றார்.

“இல்லைங்க, பிரமாதம்!” என்று ஓலே அடுத்ததையும் வெட்டினான்.

கட்ரின் மேசைக்கடியில் அவனை உதைத்தாள். பட்டது எனக்கு.

காப்பி வந்தபோது லோத்தர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “மாடியில ஈரம் ஏறியிருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

ஈரமாம்! ஒரு உருண்டைக்காகவா மனுஷன் பெத்த பொண்ணை ஊரைவிட்டு அனுப்புவான்? — அனுப்புவார். எனக்குத் தெரியாதா.

அக்டோபர் 14, திங்கள்

மீந்த உருண்டையை வெண்ணெயில் வறுப்பது லோத்தரின் திங்கட்கிழமை உரிமை. நாங்கள் சமையலறைக்குள் போனால், ராத்திரி இங்கேயே தங்கிய ஓலே முந்திக்கொண்டிருக்கிறான். ராத்திரி கட்ரின் பாடம் நடத்தியிருப்பாள் போல. ஃபிரிட்ஜில் இறுகிப்போன உருண்டையோடு இரண்டு முள்கரண்டிகளால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு துண்டு ஜன்னல்வரை பறந்தது.

“என்ன பண்றீங்க?” என்றார் லோத்தர்.

“கத்தி கூடாதுன்னு கட்ரின்...”

“அது ஞாயித்துக்கிழமை! திங்கக்கிழமை கத்திதான். வில்லை வில்லையா வெட்டணும்.”

“நேத்து வெட்டினது தப்பு, இன்னிக்கு வெட்டாதது தப்பா?”

“ஆமா.”

“இதையெல்லாம் யாருங்க சொல்லிக் குடுப்பாங்க?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. இங்க பொறந்தா தானா தெரியும்.”

“நான் கொஞ்சம் தள்ளிப் பொறந்துட்டேன்,” என்றான் ஓலே.

அதற்குள் வாணலியில் வெண்ணெய் கருகப் பார்த்தது. வேறு வழியில்லாமல் லோத்தர் பிய்ந்ததையே அள்ளிப் போட்டார், வெங்காயத்தோடு. கரடுமுரடான ஓரமெல்லாம் பொன்னிறமாக முறுகியது; வழவழப்பான வில்லைக்கு வாய்க்காத பாக்கியம். நின்றபடியே ஒன்று தின்றார். இன்னொன்று. பிறகு வாணலியை எங்களுக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துக்கொண்டு மூன்றாவது.

“ஓரம் பரவால்ல,” என்றார்.

எங்கள் கல்யாணத்தன்றுகூட என்னைப் பற்றி இவ்வளவு சொல்லவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

இன்று லோத்தரே முள்கரண்டியால் பிய்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு அர்னோ பதறிப்போய், “யோவ், கத்தி காணாமப் போச்சா?” என்றார்.

“எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தான்,” என்றார் லோத்தர். ஒரு வாரத்துப் பழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக் குரல்.

நவம்பர் 3, ஞாயிறு

மாடியில் ஈரம் காய்ந்துவிட்டதாம்; ஓலே அங்கே அலமாரி மாட்டுகிறான். சுத்தியல் சத்தத்தில் எழுதவே முடியவில்லை. கீழே லோத்தர் ஒரு கல்யாணத்துக்குக் காணும் அளவு கிழங்கு துருவிக்கொண்டிருக்கிறார்.

“நாலு பேருக்கு எதுக்கு இவ்வளவு?” என்றேன்.

“மீதி வேணும்ல?”