வெளிமான் கொம்பும் பாகல் சுருளும்

3 பிப்ரவரி, திங்கள்
பி.எட். பயிற்சிக்காக மன்னார்குடி பெண்கள் பள்ளியில் கடைசி இரண்டு வாரம். ஆறாம் வகுப்பில் நான் நடத்தி மதிப்பெண் வாங்க வேண்டிய பாடம்: விலங்கு, தாவரம், வேறுபாடு. கோடியக்கரைக் காட்டு வெளிமானையும் எங்கள் வேலிப் பாகல் கொடியையும் எடுத்துக்கொண்டேன். ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். சார்ட் தயார்.

6, வியாழன்
சொதப்பல்.

மானுக்குக் கிளை கிளையாகக் கொம்பு வரைந்திருந்தேன். வேதாரண்யத்துப் பெண் இசைவாணி எழுந்தாள். "மிஸ், இது புள்ளிமான் கொம்பு. வெளிமானுக்குக் கிளையே இருக்காது. முறுக்கிக்கிட்டு நிக்கும்." வகுப்பே சிரித்தது. மீதிப் பாடத்தைச் சார்ட்டைப் பார்த்தே முணுமுணுத்து முடித்தேன். பார்க்காமலேயா வரைந்தேன்? ஆமாம்.

மதிப்பிட வந்த அனுராதா மேடம் சொன்னது: "கொம்பு கெடக்கட்டும். நீ பேசுனது எங்க கேட்டுச்சும்மா? அடுத்த வெள்ளி திரும்ப எடு. கடைசி பெஞ்சுக்குக் கேக்கலன்னா ஃபெயில்தான்."

ஃபெயில் என்றால் இன்னொரு வருஷம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்ததே நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை.

9, ஞாயிறு
அப்பாவோடு கோடியக்கரை. "மானப் பாக்கவா இத்தன பஸ்சு மாறுனோம்? நம்ம ஆடு மாதிரி அதுவும் மேயத்தானே செய்யுது!" என்றார்.

ஒரு கிடா மான் அரைமணி நேரம் அசையாமல் நின்றது. 'ஓடும்' என்று எழுதியவள் நான். ஒரு கொம்பு வலப்பக்கம் முறுகினால் மற்றது இடப்பக்கம்.

10, திங்கள்
காலையில் பாகல் கொடியின் பற்றும் சுருள் குச்சிக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. மாலையில் பிடித்துவிட்டது. முன்பே பிடித்திருந்த ஒன்றை உற்றுப் பார்த்தேன். பாதிவரை ஒரு பக்கம் சுற்றி, நடுவில் கொஞ்சம் நேராகி, மீதி எதிர்ப்பக்கம். மானுக்கு இரண்டு கொம்பில் இருப்பது இதற்கு ஒரே சுருளில். இத்தனை வருஷம் இதில்தானே காய் பறித்தேன்?

13, வியாழன்
கொல்லையில் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். ஆடு மட்டும் திரும்பியது.

14, வெள்ளி
சார்ட் இல்லை. பெஞ்சுக்கு ஒரு பாகல் கொடி கொடுத்தேன். பலகையில் கொம்பை இசைவாணி வரைந்தாள். "ரெண்டும் முறுக்குதே, என்ன வித்தியாசம்?" என்று கேட்டதுதான் தாமதம்.

"கொம்பு எதையும் புடிக்காது மிஸ்!"

"சண்டைல இன்னொரு கொம்பப் புடிக்கும்டி!"

"சுருள் புடிக்கலன்னா கொடியே விழுந்துரும்!"

ஒரே இரைச்சல். "இருங்கடி, நான் சொல்றேன்!" என்றேன். நானா? வகுப்பு அடங்கியது. மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

மேடம் பாஸ் என்று கையெழுத்துப் போட்டார். "பக்கத்து கிளாஸ்லேருந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க."

15, சனி
தொண்டை கட்டிவிட்டது. "யாருகிட்டடி சண்டைக்குப் போன?" என்கிறாள் அம்மா. பதில் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது.