ஒரு சுண்டு இலை

திகன
2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை
காலை 6.40

அஷ்பாகின் உம்மா நுஸ்ஹாவுக்கு,

ஸலாம். உனக்கும் மகனுக்கும் உடம்பு சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்த நிமிஷம் நம் பல்கனியில் இருப்பவை: தயிர்ச் சட்டி 41, பால்மா பைக்கற்று 9, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய் 3, நான் 1. இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை.

கடிதம் எதற்கு என்று கேட்காதே. போன் எடுத்தால் ஒரு பக்கம் உன் காது, மறுபக்கம் றலியா மதினியின் காது. நான் "எப்ப வாறாய்?" என்று கேட்டால் பதில் உன் அக்காவிடமிருந்து வருகிறது. அதனால் இனி எழுத்துத்தான். நஸீப் நானா செவ்வாயும் வெள்ளியும் தெல்தோட்டையிலிருந்து திகனவுக்கு மரக்கறி ஏற்றி வருகிறார், திரும்பும்போது லொறி வெறுமையாகத்தான் போகிறது. உறை கரண்ட் பில் வந்த உறை, உட்புறம் வெளியே திருப்பி ஒட்டியது. நான்கு ஸ்டேப்ளர் கம்பி அடித்திருக்கிறேன். யாராவது பிரித்தால் உனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பெற அக்கா வீட்டுக்குப் போனாய். வழக்கம், சரி. நாற்பது நாள் முடிந்தது, அதுவும் சரி. இன்று மகனுக்கு நூற்றொரு நாள். இது எந்த வழக்கம்? போன வெள்ளி மதினி ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தார். அப்படியே எழுதுகிறேன்:

"தங்கச்சிய அனுப்பணும்டா ஒவ்வொரு நாளும் ஒரு சுண்ட ல் ஆக்க எல, ஒங்கட ஊட்டுலயே பறிச்சது. முப்பது நாள் விடாம. கடைக்குப் போகப்படாது. அந்த ஊட்டுல எல மொளச்சாத்தான் எங்கட புள்ள வரும்."

மதினிக்கு எழுத்துப் பிழை இருக்கிறது. 'சுண்டு' என்பதில் உகரத்தை விட்டுவிட்டார். அடுத்த வரியில் ஒரு 'ல்' அநாதையாக நிற்கிறது, அதை வெட்டிவிட்டேன். ஆக நிபந்தனை: தினம் ஒரு சுண்டு இலை. அரிசி அளக்கும் அதே ரின்பால் பேணிதான், அந்தத் தகரக் குவளைதான் சுண்டு. இலையைச் சும்மா தூவி நிரப்பினால் ஏமாற்று வேலை என்பார். ஆகவே பொடியாக அரிந்து, பேணியில் போட்டு, மேலே தொழிற்சாலை மெஷினில் கழற்றிய இரண்டு கிலோ இரும்புப் பெயாரிங் ஒன்றை ஒரு நிமிஷம் வைத்து அமுக்கி, அதன் பிறகும் விளிம்புவரை நிற்க வேண்டும். அதுதான் அளவு.

சட்டிகள் சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசலில் எடுத்தவை. தயிர் முடிந்ததும் எறிகிறார்கள், பைத்தியக்காரர்கள். துளை போடும்போது ஏழு உடைந்தது. கீரைக் காசை மிச்சம் பிடிக்க மே மாதமே இரண்டு கட்டு பொன்னாங்காணி வாங்கினேன். இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஊன்றினேன். வல்லாரை, கங்குன், பசளி என்ற மற்றக் கீரைகளும் ஊன்றியவைதான். எல்லாம் பிடித்துவிட்டது.

தொழிற்சாலையில் லக்ஸ்மனிடம் "பெண்சாதியின் தாத்தா அனுப்ப மாட்டேன் என்கிறார்" என்று சொன்னேன். "அந்த வயசுல கெழவனுக்கு அவ்வளவு பிடிவாதமா?" என்று கேட்டான். நாம் அக்காவைத்தான் தாத்தா என்போம் என்று விளக்குவதற்குள் பகல் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

செவ்வாய், ஜூலை ஒன்று, முதல் நாள். மதினியிடம் சொல்.

பஹீம்


தெல்தோட்டை
2025 ஜூலை 4, வெள்ளி

அன்புள்ள அஷ்பாக் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகனும் சுகம். அங்கு நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்றுதான் யோசனை.

கடிதம் கிடைத்தது. ஸ்டேப்ளர் கம்பியில் தாத்தாவின் விரல் கிழிந்தது. "ஒன்ட மாப்புள கடிதம் எழுதுறானா, கரண்ட் வேலி போடுறானா?" என்று கேட்டார். அவர் பிரிக்கவில்லையாம், சும்மா தடவிப் பார்த்தாராம்.

மகன் இப்போது குப்புறப் புரள்கிறான். புரண்டுவிட்டுத் திரும்பத் தெரியாமல் அழுகிறான். உங்களைப் போலவே, தொடங்கும் அவசரம் முடிக்கும்போது இல்லை.

நீங்கள் எழுதிய அளவைப் படித்தேன். பெயாரிங் வைத்து அமுக்கும் இடத்தை இரண்டு தரம் படித்தேன். செய்யுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். தாத்தா என்னைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றே எழுதுகிறீர்கள். எனக்கு வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஒரு கட்டுக் கீரையை மூன்று நாளைக்குப் பிரித்தது தாத்தா இல்லை. முட்டையைப் பாதியாக வெட்டி மூடி வைத்தது தாத்தா இல்லை. நான் சோறு போடும்போது அகப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒன்றும் சொல்லமாட்டீர்கள், பார்ப்பீர்கள். கிளினிக்கில் இரத்தம் குறைவு, 8.9 என்று எழுதியபோது பிரசவம் பார்க்கும் மிட்வைப் மிஸ் என்னிடம், "வீட்ல இலைவகை ஒன்றும் இல்லையா மகள்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தாத்தாவிடம் சொன்னது நான்தான்.

நிலம் வாங்கச் சேர்க்கிறீர்கள், தெரியும். எங்களுக்காகத்தான், அதுவும் தெரியும். அந்த வீட்டுக்கு வர எனக்கும் ஆசை இருக்கிறது. பசியோடு வரத்தான் ஆசை இல்லை.

இதோடு பத்துப் பசளி விதை அனுப்புகிறேன். அது கடைக்குப் போனதாகாது.

உங்கள்
நுஸ்ஹா


திகன
2025 ஜூலை 14, திங்கள்
மாலை 6.55

நுஸ்ஹாவுக்கு,

ஸலாம். மகனைத் திருப்பிவிட ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

14 நாளில் சுண்டு நிரம்பியது 4 நாள். நிரம்பாதது 10.

உன் கடிதத்துக்குப் பத்து நாளாகப் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? எல்லாம் உண்மை. மெஷினுக்கு எண்ணெய் குறைத்தால் செலவு குறையும், ஆறு மாதத்தில் மெஷின் போகும். இதைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். வீட்டில் கண் தெரியவில்லை. பிழை என்னுடையது. இதை நீட்டி எழுத எனக்கு வராது.

இப்போது தண்ணீர். பகலில் பல்கனித் தகரம் கொதிக்கிறது, சட்டி சின்னது, பின்னேரம் வந்து பார்த்தால் இலை துவண்டு கிடக்கிறது. வாளி தூக்கி ஊற்றினேன், போதவில்லை. வீட்டுக்காரர் பாயிஸ் ஹாஜியார் தண்ணீர் மீட்டரை இரண்டு தரம் வந்து பார்த்தார். அப்புறம் சுபஹுத் தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது பார்த்தேன்: முகம் கை கால் கழுவும் நல்ல தண்ணீர், சவர்க்காரம் இல்லாதது, நேரே கழிவுக் கானுக்குப் போகிறது. அளந்தேன். ஒரு தரத்துக்கு இரண்டு லீற்றர். வுழூ எடுக்கும் பேசினின் அடிக் குழாயைக் கழற்றி, சுவரில் ஒரு துளை போட்டு, பிளந்த பிவிசி வழியாகப் பல்கனிக்கு இழுத்துவிட்டேன். அரிசி கழுவிய தண்ணீரும் அதில்தான். முதல் சட்டி நிறைந்தால் அடுத்ததற்கு வழியும். மோட்டர் இல்லை, கரண்ட் இல்லை. பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். செடிக்கு ஊற்றலாம், தடை இல்லை என்றார். தொழுதால்தான் இலை பச்சையாக இருக்கும் என்று ஆகிவிட்டது. எனக்கும் நல்லதுதான்.

மூன்றாம் நாள் ஹாஜியார் கீழே தன் துணிக்கடையிலிருந்து சத்தம் போட்டார்.

"தம்பி பஹீம்! ஊருக்கெல்லாம் வெயில், என்ட கடைக்கு மட்டும் மழையா? சாரிக்கட்டுல சொட்டுது!"

"வுழூ தண்ணி ஹாஜியார், சுத்தமானது."

"சாரிக்கு வுழூ தேவல்ல. வெள்ளிக்கு முந்தி நிப்பாட்டு, இல்லாட்டி சட்டி எல்லாம் ரோட்டுல ஈக்கும்."

நிப்பாட்டவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிய ஒரு பீலி கட்டி, கடைசிச் சொட்டைக் கீழே அவருடைய கறிவேப்பிலை மரத்தின் அடிக்குத் திருப்பினேன். இப்போது சத்தம் இல்லை.

ஆனாலும் 4தான். அமுக்கினால் இலை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அமுக்கியதை நானே தேங்காய்ப்பூவோடு வதக்கிக் கீரைச் சுண்டல் செய்து தின்கிறேன், பதினான்கு நாளாக ஆடு மாதிரி. விடாமல் முப்பது நாள் என்றால் நான் ஏற்கனவே தோற்றவன். மதினியிடம் கேள்: ஆகஸ்ட் ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணலாமா? நான் யாரிடமும் கெஞ்சுகிறவன் இல்லை. இப்போது கேட்கிறேன்.

நஸீப் நானாவிடம் ஒரு பை வல்லாரை கொடுக்கிறேன். அமுக்காதது. நீ தின்ன.

பஹீம்


தெல்தோட்டை
2025 ஜூலை 24, வியாழன்

அன்புள்ள அஷ்பாக் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்லாரை கிடைத்தது, அதன் பிறகு வந்த இரண்டு பைகளும் கிடைத்தன. தாத்தா மணந்து பார்த்தார். "மருந்து வாசம் இல்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். தாத்தா எழுதியது சுண்டு இல்லை. சுண்டல். "ஒரு சுண்டல் ஆக்க எல." தாளின் ஓரத்தில் இடம் போதாமல் 'ல்' அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். ஒரு ஆள் சுண்டல் செய்ய ஒரு பிடி இலை போதும். பேணியும் வேண்டாம், பெயாரிங்கும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் அளவுப் பகுதியை நேற்றுத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து மகனை என் மடியில் போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். "அல்லாஹ்வே, பெயாரிங்க வெச்சா அமுக்குறான்? ஒரு நேரத்துக்கு மூணு ஊட்டு சுண்டலெல்லோ அது! அவன் முதல் நாளே வென்டுட்டானே. வரச் சொல்லு, இனி நான் பேச என்த ஈக்கு?"

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இது உங்கள் முதல் கடிதத்திலேயே தெரியும். மூன்று கிழமையாகச் சொல்லவில்லை. ஏசுவீர்கள், ஏசுங்கள். கல்யாணம் செய்து மூன்று வருஷத்தில் என் சாப்பாட்டைக் கூட்டுவதற்காக நீங்கள் அளந்தது இதுதான் முதல் தரம். இன்னும் கொஞ்ச நாள் அளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தோற்றவன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு மறைக்க மனம் வரவில்லை. ஆனாலும் கிளினிக் நாள் வரட்டும், நல்ல செய்தியோடு சொல்வோம் என்று இருந்தேன்.

நேற்றுக் கிளினிக். இரத்தம் 11.4. மிட்வைப் மிஸ் அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "என் கணவர் வளர்த்த கீரை" என்றேன். தாத்தா பக்கத்தில் இருந்தார். அவரும் தலையாட்டினார்.

உடுப்புகளை மடித்துவிட்டேன்.

உங்கள்
நுஸ்ஹா


திகன
2025 ஜூலை 25, வெள்ளி
பகல் 1.50

நுஸ்ஹா,

ஜும்ஆ முடிந்து வந்தேன், நஸீப் நானா கடிதத்தைத் தந்தார். லொறியின் முன்மூடியில் வைத்து எழுதுகிறேன், ஹோர்ன் அடிக்கிறார்.

முதலில் கோபம். மூன்று கிழமை! நான் விடியற்காலையில் எழுந்து சட்டி சட்டியாக அரிந்து, பெயாரிங் வைத்து, ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து, நிரம்பாமல் போய், வேலைக்குப் போய்... நீ அங்கே தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய். நல்ல பெண்சாதி.

கோபம் முடிந்தது. மதினியின் எழுத்தைத் திருத்தியது நான். படித்தவன் என்ற திமிர். அவருக்கு ஒரு பிழையும் இல்லை என்று இந்த வரியை அவரிடம் வாசித்துக் காட்டு.

இப்போது உண்மையான கணக்கு. 25 நாளில் அறுத்த இலை 3.1 கிலோ. ஒரு சுண்டலுக்குத் தாராளமாக 50 கிராம் வைத்தால் 62 சுண்டல். மதினி கேட்டது 30. மிகக் குறைந்த நாளிலும் 70 கிராம் வந்திருக்கிறது, ஒரு நாளும் விடவில்லை. வென்றுவிட்டேன்! இரண்டு மடங்குக்கு மேல் வென்றிருக்கிறேன், ஆறடிக்கு மூன்றடி பல்கனியில், குப்பையில் கிடந்த சட்டியில், முகம் கழுவிய தண்ணீரில். லொறிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். ஹாஜியார் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "என்த தம்பி, லொத்தர் சீட்டு விழுந்திச்சா?" என்றார். "பெண்சாதி வாறா ஹாஜியார்" என்றேன். "அப்ப மாடிப் படியெல்லாம் சட்டிய வை, எனக்கும் பிரஷருக்கு வல்லாரை வேணும்" என்றார். இரண்டு கிழமைக்கு முன் ரோட்டில் எறிய நின்ற மனுஷன்!

11.4. அந்த எண்ணைப் பேசினுக்கு மேலே பென்சிலால் எழுதப் போகிறேன். என் வாழ்க்கையில் எந்த மெஷினும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பின்னேரம் பெயாரிங்கைத் தொழிற்சாலையில் திருப்பிக் கொடுப்பேன்.
2. நாளை சனி லீவு. அறையைக் கழுவி, தகரத்துக்குக் கீழே தென்னோலைத் தட்டி அடிப்பேன். மகனுக்குச் சூடு ஆகாது.
3. ஞாயிறு காலை ஐந்தே முக்கால் பஸ். கண்டியில் மாறி, பத்து மணிக்கு முன்னால் தெல்தோட்டை. மதினி சோறு ஆக்கட்டும், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். அவசரப்பட மாட்டேன்.
4. திரும்பும்போது பஸ் இல்லை. வேன் பிடிப்பேன். மறுத்துப் பேசாதே.
5. மதினிக்குப் பத்துச் சட்டி நட்டு நஸீப் நானாவின் லொறியில் அனுப்புவேன். மாதம் ஒரு தரம் வந்து இங்கே நம் சட்டிகளையும் பார்க்கட்டும். முன்னறிவிப்பு வேண்டாம்.
6. நிலம் ஒரு வருஷம் பிந்தும். பிந்தட்டும்.
7. ஞாயிறு இரவு சமையல் என்னுடையது. முழு முட்டை, ஆளுக்கு ஒன்று.
8. சோற்றை நீயே போட்டுக்கொள். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

பஹீம்