தயாரித்தவர் பெயர்

அடி அண்ணாமலை
ஜனவரி 21

அன்புள்ள ஹைமாவுக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். நான் நலம். உன் நலத்தைப் பற்றி ஊரே பேசுகிறது, தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

மூன்று நாளாக என் போன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று திருமலையிடம் கேட்டாயாம். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது, ரிப்பேர் என்று உளறியிருப்பார். ரிப்பேர் இல்லை. நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான். நீ பேசப் பேச எனக்குக் கோபமே மறந்துபோய், கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். காகிதத்தில் அது நடக்காது. அதனால் உன் அத்தை வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். பதிலும் தபாலில் வரட்டும்.

மும்பைப் போட்டியில் நம் சீஸுக்குத் தங்கப் பதக்கம். நீ அனுப்பிய படத்தைத் திருமலையின் போனில் பார்த்து அழுதேன். பிறகு சான்றிதழை விரலால் பெரிதாக்கிப் படித்தேன். தயாரித்தவர்: ஹைமவதி ஏகாம்பரநாதன். கீழே வேறு பெயரே இல்லை.

ஹைமா, நீ எப்போது தயாரித்தாய்? இந்த நான்கு வருஷத்தில் பால் வந்து இறங்கும் நேரத்துக்கு எத்தனை நாள் கொட்டகையில் இருந்திருக்கிறாய்? பாலைச் சூடாக்கி உறைய வைப்பது நான். கட்டியை அறுத்து, நீரை வடித்து, அச்சில் அழுத்துவது நான். அதன் பிறகு நான்கு மாதம் ஒவ்வொரு சீஸ் வட்டையும் புரட்டிப் போட்டு உப்புத் தண்ணீரில் துடைத்து வளர்ப்பதும் நான்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் டிவிக்காரர்கள் வந்தார்களே, அன்று என் கை முழங்கை வரை அண்டாவுக்குள் இருந்தது. கேமராக்காரர், "அக்கா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, மேடம் மட்டும் இருக்கட்டும்" என்றார். நான் நகர்ந்தேன். நீ வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டாய். ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெங்களூரு இறுதிப் போட்டிக்கு இனிமேல்தானே விண்ணப்பம் போட வேண்டும். அதில் தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் கம்மியாகாத
கஸ்தூரி


மாட்டுங்கா, மும்பை
ஜனவரி 27

என் கண்ணே கஸ்தூரி,

தபால்காரர் உறையை நீட்டியதும் அத்தை நடுங்கிவிட்டாள். இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தமாம். படித்து முடித்ததும் நானும் பாதி போய்த்தான் விட்டேன்.

நீ கோபப்படு, உனக்கு இல்லாத உரிமையா. ஆனால் நான் நோகாமல் நுங்கு தின்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. நவம்பரிலிருந்து சென்னை, ஹைதராபாத், மும்பை என்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வருகிற வழியில் ரயிலில் எதிர் சீட்டுக்காரர், இந்தப் பெட்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று டிக்கெட் பரிசோதகரையே கூட்டி வந்துவிட்டார். திறந்து காட்டி, விளக்கம் சொல்லி, ஒரு துண்டு வெட்டிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். பரிசோதகர் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்காட்சியில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்றபடியே சிரிக்கிறேன். இதற்கும் உழைப்பு என்றுதான் பெயர்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, அதனால் படிவத்திலும் அப்படியே எழுதினேன். அது மட்டுமில்லை. நம் மேசை முன்னால் ஜனங்கள் நிற்பதே லேபிளில் உள்ள அந்த ஒரு வரிக்காகத்தான்: 'நான்கு தலைமுறையாக அண்ணாமலையாருக்குப் பாலபிஷேகம் செய்யும் குடும்பத்திலிருந்து, மடி ஆசாரத்தோடு.' அதைப் படித்துவிட்டுத்தான் வாயில் போடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் உன் பெயரை எப்படி நுழைப்பது, நீயே சொல்.

இப்போது முக்கியமான கேள்வி. பதக்கம் வாங்கிய வட்டில் செப்டம்பர் 8 என்று தேதி போட்டிருந்தாய். நாம் வழக்கமாகச் செய்வது போல அது இல்லை, நடுவர்கள் மூன்று பேரும் அதன் ருசியைத்தான் மெச்சினார்கள். மெல்லிய புளிப்பு, பின்னால் வறுத்த வேர்க்கடலை வாசம். இறுதிப் போட்டியில் தயாரித்தவரே நடுவர்கள் முன்னால் வட்டை வெட்டி, எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு என்ன செய்தாய்? இரண்டு வரி எழுது, நான் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன். அந்தத் தேதியில் வேறு வட்டு இருக்கிறதா?

உன் அன்பு மறக்காத
ஹைமா


அடி அண்ணாமலை
பிப்ரவரி 2

அன்புள்ள ஹைமா,

நீ அலைவது எனக்குத் தெரியும். உன் பெயரை எடுத்துவிடு என்று நான் எழுதவில்லை. விற்பவர் என்று ஒரு இடம் இருந்தால் அங்கே நீ மூன்று தரம் எழுதிக்கொள்.

இரண்டு வரி கேட்டாய். கொஞ்சம் ஜாஸ்தியாகவே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

செப்டம்பர் 7 பௌர்ணமி. அன்று ராத்திரி சந்திர கிரகணம். பௌர்ணமி என்றால் திருமலை கொண்டுவரும் பாலில் முக்கால்வாசி கிரிவலப் பாதை டீக்கடைகளுக்குப் போய்விடும், எனக்கு அண்டா காலிதான், உனக்கே தெரியும். அன்று சாயங்காலம் கடைக்காரர்கள் கேனைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். கிரகணத்தில் யாரும் வாயில் தண்ணீர்கூட விடமாட்டார்கள், டீ யார் குடிப்பது? அறுபது லிட்டர். திருமலை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "இந்தப் பால வூட்டுக்குள்ள கொண்டாராத, கெணத்தாண்ட கொட்டிடு" என்றார்.

எனக்குக் கை வரவில்லை. கேன்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தேன். கிரகணம் முழுக்க அங்கேயே இருந்தது. ஒரு தர்ப்பைப் புல்கூட மேலே போடவில்லை. விடிந்து திறந்தால் லேசாகப் புளிப்பு ஏறியிருந்தது. கெட்ட பாலுக்கும் புளிப்பு ஏறுகிற பாலுக்கும் வித்தியாசம் என் மூக்குக்குத் தெரியும். சூடாக்கி, அன்றைக்கே மூன்று வட்டு ஊற்றினேன். உன்னிடம் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் கிரகணப் பாலைக் கையால் தொடமாட்டீர்கள் என்று தெரியும்.

ஆக, உன் மடிக்குத் தங்கம் வாங்கித் தந்தது ஊரே கொட்டச் சொன்ன பால். இதை உன்னால் மேடையில் சொல்ல முடியாது. என்னால் முடியும். என் பெயரைப் போடு.

கஸ்தூரி


மாட்டுங்கா
பிப்ரவரி 8

கஸ்தூரி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தை கண்ணில் பட்டால் நாளைக்கே திருவண்ணாமலை முழுக்கத் தெரிந்துவிடும்.

அப்பா அதைச் சாப்பிட்டிருக்கிறார். உனக்குப் புரிகிறதா? கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை இதில் இல்லை, செடியிலிருந்து எடுத்ததுதான் என்று ஆறு மாதம் சொல்லிச் சொல்லி, பொங்கலுக்கு முன்னால்தான் முதல் தடவையாக வாயில் வைத்தார். அந்த வட்டிலிருந்தே ஒரு துண்டு. நன்றாக இருக்கிறது என்றார். சாமியைத் தொடுகிறவர், கஸ்தூரி. இது வெளியே வந்தால் கோயிலில் அவர் யார் முகத்தில் விழிப்பார்?

கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் எழுதியே விடுகிறேன். பெங்களூரு மேடையில் நீ ஏறி என்ன பேசுவாய்? நடுவர்களில் ஒருவர் பிரான்சிலிருந்து வருகிறார், கேள்வி பதில் எல்லாம் இங்கிலீஷ். திக்கித் திணறி நிற்பாய், நான்கு வருஷ உழைப்பும் தண்ணீரில் போகும். விண்ணப்பத்தை என் பெயரிலேயே அனுப்பிவிட்டேன். 'உதவி' என்று கீழே ஒரு கட்டம் இருந்தது, அதில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தப் பால் கதையை யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஹைமா


அடி அண்ணாமலை
பிப்ரவரி 14

ஹைமவதிக்கு,

உதவி. சரி.

கீழே உள்ள விவரங்கள் உன் தகவலுக்கு. என் பெயரில் தனியாக உணவுத் தொழில் பதிவு வாங்கிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெங்களூருக்கு நானும் விண்ணப்பம் போட்டுவிட்டேன், முந்தைய போட்டிகளில் ஜெயிக்காதவர்களும் போடலாமாம். தயாரித்தவர்: கஸ்தூரி, அடி அண்ணாமலை. உதவி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

செப்டம்பர் 8 வட்டு இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று உன் பங்கு, திருமலை உங்கள் வீட்டில் கொடுத்துவிடுவார். உன் பங்கை அமுக்கிக்கொண்டு ஜெயிக்க எனக்கு வேண்டியதில்லை. ஒரே பால், ஒரே நாள், ஒரே அச்சு. நீ உன் மேசையில் வெட்டு, நான் என் மேசையில் வெட்டுகிறேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் நீ தெரிந்ததைச் சொல், நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கு வருகிற பாஷையில்தான் சொல்வேன். புரியவில்லை என்றால் அது அவர்கள் கஷ்டம்.

உன் அப்பாவை நினைத்தால் மட்டும் சங்கடமாக இருக்கிறது. அவர் பெயரை நான் எடுக்கமாட்டேன். லேபிளில் எடுத்தது நீதான்.

கஸ்தூரி


திருவண்ணாமலை
மார்ச் 4

அன்புள்ள கஸ்தூரி,

ஏழு கிலோமீட்டரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் வர இன்னும் முகமில்லை.

வட்டுகளைப் புரட்ட வேண்டும் என்று பெங்களூரில் முடிவு சொல்வதற்கு முன்பே பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். நீ பார்த்ததையும் பார்க்காமல் விட்டதையும் எழுதுகிறேன்.

நீ வட்டை வெட்டினதும் அந்தப் பிரெஞ்சுக்காரர் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீ தமிழில் ஆரம்பித்தாய். மொழிபெயர்க்க யாரும் இல்லை, அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்து மேசையில் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்து உன் பக்கத்தில் நின்றேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கிரகணத்தன்னிக்குத் திரும்பி வந்த பாலுங்க. யாரும் வேணாம்னுட்டாங்க. நான் வேணும்னேன்" என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் என் வாயில் வேறு வாக்கியம் தயாராக இருந்தது. பாரம்பரிய முறையில் ஒரு ராத்திரி வைத்த பால் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்குத் தெரிந்திருக்கும். அதனால் நீ சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன், கிரகணம் உட்பட.

நீ போன பிறகு என் மேசைக்கு வந்தார்கள். என் வட்டை வெட்டவில்லை. பக்கத்து மேசைக்காரர் செய்தது, தவறுதலாக என் பெயரில் வந்துவிட்டது என்று சொல்லி என் பெயர் அட்டையை எடுத்துவிட்டேன். உனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு கொடைக்கானல்காரர் ஒருவருக்கு, அவரது சீஸ் நன்றாகத்தான் இருந்தது. உன் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். ஓட்டல்காரர் ஒருவர் 'கிரகண சீஸ்' என்றே லேபிள் போடலாம், எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

அப்பாவிடம் நானே சொன்னேன். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தார். இனிமேல் அது இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். "வராதுப்பா. ஆனா நான் அத விடமாட்டேன்" என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, கஸ்தூரி. பொய்யாகப் பேசிக்கொண்டிருந்த நாளைவிட இது எனக்கு லேசாக இருக்கிறது.

இங்கிலீஷைப் பற்றி நான் எழுதியதற்கு மன்னிப்பு என்ற வார்த்தை போதாது. மடி வரியை லேபிளிலிருந்து எடுத்துவிடுகிறேன். உன் பெயர் மேலே, என் பெயர் அடியில். பழையபடி சேர்ந்து செய்யலாமா?

ஹைமா


அடி அண்ணாமலை
மார்ச் 6

அன்புள்ள ஹைமாவுக்கு,

திருமலை கையில் கொடுத்தனுப்புகிறேன். சான்றிதழைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். இரண்டாம் பரிசு என்றதும் ஒரு நிமிஷம் வயிறு எரிந்தது. பிறகு பெயரைப் படித்தேன், சரியாகிவிட்டது.

நீ மொழிபெயர்த்தபோது கிரகணம் என்பதற்கான வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது. நானும் பிளஸ் டூ படித்தவள்தானே. அந்த வார்த்தை வருமா வராதா என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். வந்தது. பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை அழுதுகொண்டே வந்தேன்.

ஓட்டல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நேற்று மடிக் கதை, நாளைக்குக் கிரகணக் கதையா? நல்ல பாலில் ஒரு பெண் செய்த சீஸ், அவ்வளவுதான். பிடித்தால் வாங்கட்டும்.

சேர்ந்து செய்யலாமா என்று கேட்டாய். வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன், கோபத்தில் இல்லை. உன் பெயர் மேலே இருந்தால் எனக்கு எரியும், அடியில் இருந்தால் உனக்கு உறுத்தும். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? நீ பங்காளியாக வேண்டாம், ஹைமாவாக வா. அடுத்த வருஷம் தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை நீ தைரியமாக எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு உன் கையால் செய்ய வேண்டும். சொல்லித் தருகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து உனக்கென்று தனியாக இருபது லிட்டர் கொண்டுவரச் சொல்லி திருமலையிடம் சொல்லிவிட்டேன். வடக்குச் சுவர் ஓரம் உன் அண்டா. முதல் வட்டு கெட்டுப்போகும். எனக்கும் அப்படித்தான் போயிற்று. உட்கார்ந்து அழாமல் மறுநாள் திரும்ப ஊற்று.

இப்படிக்கு,
கஸ்தூரி