வெட்கங்கெட்டவள் என்று சொன்னார்களாமே

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி பூமிகாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க எல்லையம்மாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உனக்குக் கோபம் வருகிறது, எனக்கு அழுகை முட்டுகிறது, அதனால் லீவு முடிந்து திரும்புகிற பாக்கியராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செங்கம்மா அத்தை உன்னிடம் சொன்னது பொய் இல்லை. அப்பா போய் நாற்பது நாள் ஆனதும் சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பதினாறாம் நாள் அவர் துணியெல்லாம் எடுத்துப் போட்டபோது அவர் வேலைக்குப் போட்டுப்போகிற கம்பெனிச் சட்டை ஒன்றை மட்டும் அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தேன், அதைத்தான் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேன் ஏறுகிறேன். நாற்று நட இறங்கும்போது நாங்கள் எல்லோரும் புருஷன் சட்டையைத்தான் போட்டிருப்போம், அப்போது யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது செத்தவர் சட்டையாகிவிட்டதே, வேன் நிற்கிற இடத்தில் எல்லார் எதிரிலும் அத்தை, "புருஷன் செத்து ரெண்டு மாசம் ஆவல, அவன் சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டா பாரு, வெக்கங்கெட்டவ" என்று கத்தினாள். நான், "ஆமா அண்ணி, வெக்கப்பட்டுக்கினு குந்தினா ஊட்ல ஒல கொதிக்குமா, வழி உடுங்க" என்றேன். வேனில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள், அவளுக்கு அதுதான் எரிச்சல்.

நீயும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேலையை விடு என்கிறாய். நான் அஞ்சாவதுதான் படித்தேன், ஆனாலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். தப்பு செய்துவிட்டு, தப்பு என்று தெரிந்தும் கூச்சமில்லாமல் நிற்கிறவனுக்குத்தான் அது. குடித்துவிட்டு வேட்டி அவிழ்ந்து பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறானே பக்கத்து வீட்டு வசந்தகுமார், அவனைப் பார்த்து ஊரே பாவம் என்கிறது, உழைக்கப் போகிறவளுக்கு இந்தப் பெயர். உன் அப்பாவும் ஒருமுறை சொன்னார், கல்யாணமான புதிதில் பந்தியில் அவர் இலையிலிருந்து கறித்துண்டை எடுத்துத் தின்றேன், "வெக்கங்கெட்ட கழுத" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டையும் என் பக்கம் தள்ளினார். இனி அப்படிச் சொல்ல எனக்கு ஆள் இல்லை நைனா.

வேலையை விடமாட்டேன், சட்டையையும் கழற்றமாட்டேன். ஊர் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன், உன் வாயிலிருந்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நீ அத்தைக்குப் போன் போட்டு, எங்கம்மா வேலைக்குப் போவுது, இன்னா இப்போ, என்று கேள். அது போதும் எனக்கு.

நூறு வயசுக்கு நன்றாயிரு. தலையில் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதே.

உன் அம்மா,
பானு